எண்ணப்படுகிறவர்களே எண்ணட்டும்

சிவகாசி வட்டாரத்துக்குப் பிழைக்க வரும் வடமாநில முஸ்லிம்களின் பாடுகளை ஆராய வேண்டியவர்கள் யார்?

இந்தியாவில் சிவகாசி அளவுக்கு ஆராயப்பட்ட சிறுநகரங்கள் அதிகம் இல்லை. 1976-இல் தமிழக அரசு அமைத்த ஹர்பன்ஸ் சிங் குழு, யுனிசெஃப் ஆய்வுகள், 1991-இல் உச்ச நீதிமன்றம் அனுப்பிய வழக்கறிஞர் குழு, 2021-இல் பசுமைத் தீர்ப்பாயம் அமைத்த வல்லுநர் குழு என்று அரை நூற்றாண்டாக ஏதாவது ஒரு குழு கேள்வித்தாளோடு இந்தக் கந்தக பூமிக்கு வந்தபடியே இருக்கிறது. பல்கலைக்கழக ஆய்வேடுகளையும் தொண்டு நிறுவன அறிக்கைகளையும் சேர்த்து அடுக்கினால் பீரோ நிறையும். இவற்றால் பலனே இல்லை என்று சொல்ல முடியாது. 1986-இன் குழந்தைத் தொழிலாளர் சட்டத்துக்கும், சட்டத்தை மீறி வேலைக்கு வைத்த ஒவ்வொரு குழந்தைக்கும் முதலாளி 20,000 ரூபாய் கட்ட வேண்டும் என்ற 1996 டிசம்பர் 10 தீர்ப்புக்கும் பின்னால் சிவகாசி இருக்கிறது. ஆனாலும் எதைக் கேட்பது, யாரிடம் கேட்பது, கிடைத்த பதிலை எங்கே கொண்டுபோய்க் கொடுப்பது என்ற மூன்றையும் எப்போதும் வெளியிலிருந்து வந்தவர்களே முடிவு செய்தார்கள். மருந்து நெடிக்குள் உட்கார்ந்திருந்தவர்கள் பதில் சொன்னதோடு சரி.

அதன் விளைவை இந்த ஊர் நன்றாக அறியும். 1980-களில் சிவகாசியில் 45,000 குழந்தைகள் வேலை செய்கிறார்கள் என்ற எண் நாடு முழுக்கப் பரவியது. ஊர்க்காரர்கள் அதை ஏற்கவில்லை. தொழிலைக் கெடுக்க வந்த சதி என்றார்கள். எண் சரியா தவறா என்ற வழக்கிலேயே ஆண்டுகள் கழிந்தன. வானம் பார்த்த பூமியில் ஒரு குடும்பம் ஏன் பிள்ளையை ஆலை வண்டியில் ஏற்றி அனுப்புகிறது, முன்பணம் வாங்கியவர் அதை எப்படிக் கழிக்கிறார் என்ற கேள்விகள் பின்னுக்குப் போயின. ஆலைகளில் சோதனை கடுமையானதும் தீப்பெட்டி ஒட்டுவது, குழாய் சுற்றுவது போன்ற வேலைகள் வீட்டுத் திண்ணைகளுக்கு நகர்ந்தன. ஆலை வாசலில் நின்று எண்ணியவர்களின் கணக்கில் திண்ணை வரவில்லை. அந்தத் தெருப் பெண்களிடம் நோட்டும் பேனாவும் இருந்திருந்தால் அந்த வாரமே அது பதிவாகியிருக்கும்.

இந்தப் பழைய கணக்கை இப்போது எடுப்பதற்குக் காரணம் உண்டு. விருதுநகர் மாவட்டத்துக்கு இன்று புதிய ஆட்கள் வந்துகொண்டிருக்கிறார்கள். ராஜபாளையம் பக்கத்து நூற்பாலைகளிலும் கட்டட வேலையிலும் உணவகங்களிலும் அச்சகங்களிலும் பரவி, ஆள் தட்டுப்பாடு மிகுந்த பட்டாசு ஆலைகள் வரை வடமாநிலத்தவர் வந்துவிட்டார்கள். பீகார், ஜார்க்கண்ட், ஒடிசா, மேற்கு வங்கம் என்று ஊர் பலவானாலும் உள்ளூரில் எல்லாரும் ‘இந்திக்காரங்க’தான். அவர்களில் முஸ்லிம்களும் இருக்கிறார்கள். 1922-இல் சிவகாசியிலிருந்து அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்றுத் திரும்பியதில்தான் இந்த வட்டாரத்தின் செல்வம் தொடங்கியது. நூறு ஆண்டு கழிந்து இப்போது அந்தத் திசையிலிருந்து ஆள் வருகிறது. அவர்களைப் பற்றியும் நாளை ஆய்வுகள் வரத்தான் போகின்றன. அந்த ஆய்வை அவர்களே முன்னின்று செய்ய வேண்டும், மற்றவர்கள் உதவிக்கு நிற்க வேண்டும் என்பதுதான் இக்கட்டுரையின் வாதம்.

மூன்று சராசரிகளுக்கு நடுவே

முதலில், இவர்களைத் தனியாக ஆராய வேண்டிய அவசியம் என்ன? ஏற்கெனவே இருக்கிற கணக்குகள் போதாதா? போதாது. தமிழகத் தொழிலாளர் துறைக்காக எடுக்கப்பட்டு 2016-இல் வெளிவந்த கணக்கெடுப்பு, மாநிலத்தில் 10.67 லட்சம் புலம்பெயர் தொழிலாளர்கள் இருப்பதாகச் சொன்னது. காஞ்சிபுரம், சென்னை, திருவள்ளூர், கோவை, திருப்பூர் ஆகியவையே அதில் பெரிய எண்கள். 2021-இல் நடந்திருக்க வேண்டிய மக்கள்தொகைக் கணக்கெடுப்பு 2027-க்குத் தள்ளிப்போயிருக்கிறது. விருதுநகர், மத்திய அரசின் ‘முன்னேற விழையும் மாவட்டங்கள்’ திட்டத்தில் 2018 முதல் இருக்கிறது. நலவாழ்வு, கல்வி, வேளாண்மை, நிதிச் சேவை, அடிப்படைக் கட்டமைப்பு என்று 49 குறியீடுகளால் மாதந்தோறும் அளக்கப்படும் மாவட்டம் இது. அந்த 49-இல் பிழைக்க வந்தவர்களுக்கென்று ஒன்றுகூட ஒதுக்கப்படவில்லை.

இன்னொரு பக்கம் முஸ்லிம்கள் பற்றிய புள்ளிவிவரங்கள். 2006-இல் வந்த சச்சார் குழு அறிக்கை இந்திய முஸ்லிம்களின் பின்தங்கிய நிலையை எண்களால் நிறுவியது. ஆனால் அதிலேயே தமிழகத்தின் படம் வேறு. 2001 கணக்கெடுப்பில் இந்திய முஸ்லிம்களின் எழுத்தறிவு 59.1 சதவீதம், தமிழக முஸ்லிம்களுடையது 82.9. மாநிலச் சராசரியான 73.5-ஐ விடவும் அது மேல். மரைக்காயர், இராவுத்தர், லெப்பைமார் தலைமுறைகளாகக் கடலோடியும் கடை வைத்தும் பள்ளிக்கூடம் கட்டியும் ஈட்டிய நிலை அது. மக்களில் மூன்றில் இரண்டு பங்கினர் முஸ்லிம்களாக இருக்கும் பீகாரின் கிஷன்கஞ்ச் மாவட்டத்தில் 2011-இல்கூட எழுத்தறிவு 55 சதவீதத்தை ஒட்டியே இருந்தது. முர்ஷிதாபாத் மாவட்டத்தில் முஸ்லிம்கள் 66 சதவீதம். மால்டாவில் பாதிக்குச் சற்று மேல். இரண்டும் கங்கை அரிப்பில் நிலத்தை இழந்துகொண்டிருக்கும் மாவட்டங்கள். அங்கிருந்து வருகிறவர்களைத் ‘தமிழக முஸ்லிம்’ என்ற தலைப்பில் போட்டுச் சராசரி எடுத்தால், எழுதப் படிக்கத் தெரியாத ஓர் இளைஞர் காயிதே மில்லத் கல்லூரிப் பட்டதாரியின் நிழலில் மறைந்துபோவார்.

மூன்றாவது சராசரி ‘பட்டாசுத் தொழிலாளர்’. இந்தத் தலைப்பில் வருகிறவர்களில் பெரும்பாலோர் சாத்தூர், வெம்பக்கோட்டை, சிவகாசி வட்டாரக் கிராமத்தார். அவர்களிலும் பெண்களே அதிகம். அவர்களுக்கு ஊரில் ரேஷன் கார்டு உண்டு, சாதிசனம் உண்டு, விபத்து நடந்தால் மறியல் செய்ய ஆள் உண்டு. வந்தவருக்கு இவற்றில் எதுவும் இல்லை. வடமாநிலத்தவர், முஸ்லிம், பட்டாசுத் தொழிலாளர் என்ற மூன்று கணக்குகளிலும் இருந்தும் எதிலும் தென்படாமல் போகிறவர் அவர்.

தென்படாமல் போவதன் விலை என்ன என்பதை இந்த வட்டாரத்தில் விபத்துதான் காட்டும். 2021 பிப்ரவரி 12 அன்று சாத்தூர் அருகே அச்சங்குளத்தில் நடந்த வெடி விபத்தில் இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். உரிமம் ஒருவர் பெயரில் இருக்க, அறைகள் பலருக்கு உள்குத்தகைக்கு விடப்பட்டிருந்தது அப்போது வெளிவந்தது. இறந்தவர் குடும்பங்களுக்குத் தலா 20 லட்சம் ரூபாய் வழங்கப் பசுமைத் தீர்ப்பாயம் உத்தரவிட்டது. மத்திய வெடிபொருள் துறை தரும் நாக்பூர் லைசென்ஸ் ஆனாலும் மாவட்ட வருவாய் அலுவலர் தரும் டி.ஆர்.ஓ. லைசென்ஸ் ஆனாலும் உள்குத்தகை என்று வந்துவிட்டால் வருகைப் பதிவேட்டில் இருக்கும் பெயர்களும் அறையில் உட்கார்ந்திருக்கும் ஆட்களும் ஒன்றாக இருப்பதில்லை. உள்ளூர்ப் பெண் இறந்தால் அவர் அங்கேதான் வேலை பார்த்தார் என்று ஊரே சாட்சி சொல்லும். புரோக்கர் மூலம் வந்து பத்துப் பேரோடு ஒரு வாடகை அறையில் தங்கியிருந்த மால்டாக்காரருக்கு யார் சாட்சி சொல்வார்?

பெயரிலேயே சிக்கல் தொடங்கிவிடுகிறது. ஷேக் என்பதை வங்க முஸ்லிம்கள் ஆவணங்களில் இரண்டே எழுத்தில் ‘எஸ்கே’ என்று சுருக்கி எழுதுவது வழக்கம். தமிழ்நாட்டு எழுத்தர் ஒருவர் கண்ணுக்கு அது அப்பா, தாத்தா பெயரின் முதலெழுத்துகளாகத் தெரியும், எஸ்.கே. என்று புள்ளி வைத்து எழுதிவிடுவார். அங்கே திருமணத்துக்கு முன் காத்தூன் என்றிருந்த பெண் பின்னர் பீபி ஆகிவிடுவதும் சாதாரணம். ஆதாரில் ஒன்று, வங்கிப் புத்தகத்தில் ஒன்று, ஆலைப் பதிவேட்டில் இன்னொன்று. ஊழியர் இழப்பீடாக மனைவிக்கும் மைனர் பிள்ளைகளுக்கும் வர வேண்டிய பணம் இந்தப் புள்ளிகளில் சிக்கி நிற்கலாம். எந்தப் பல்கலைக்கழகக் கேள்வித்தாளிலும் ‘உங்கள் பெயர் எத்தனை விதமாக எழுதப்பட்டிருக்கிறது’ என்ற கேள்வி வராது. அந்தப் பெயரைச் சுமப்பவர்கள் கேள்வித்தாள் தயாரித்தால் அதுதான் முதல் கேள்வியாக இருக்கும்.

இதைப் போல இன்னும் பல. வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகைக்குப் போனால் பீஸ் ரேட்டில் எவ்வளவு குறைகிறது? பாதுகாப்பு விதிகள் எழுதிய பலகையைத் தமிழ் தெரியாதவர் எப்படிப் புரிந்துகொள்கிறார்? நோன்பு மாதத்தில் தகரக் கூரைக்குக் கீழே வேலை எப்படிப் போகிறது? வாடகைக்கு அறை கேட்கும்போது பெயரைச் சொன்னதும் பேச்சு மாறுகிறதா? இறந்துபோனால் அடக்கம் எங்கே, உடலை ஊருக்கு அனுப்பும் செலவு யாருடையது? ஊரிலிருக்கும் மனைவிக்கு மாதப் பணம் போகிறதா, அங்கே நடக்கும் தலாக், சீதனச் சண்டைகள் இங்கே எப்படி எதிரொலிக்கின்றன? இவை பெரிய தத்துவக் கேள்விகள் இல்லை. ஆனால் வாழ்க்கை இவற்றில்தான் சிக்கியிருக்கிறது. வெளியாளுக்கு இவை தோன்றாது. தோன்றினாலும் கேட்கக் கூச்சப்படுவார்.

புதுக்கோட்டையும் புத்தளமும்

சமூகமே முன்னின்று ஆராய்ந்தால் கேள்விகள் மாறும் என்பதற்குச் சான்றுகள் உண்டு. புதுக்கோட்டையில் தாவூத் ஷரீஃபா கானம் தொடங்கிய ஸ்டெப்ஸ் அமைப்பிலிருந்து பிறந்தது தமிழ்நாடு முஸ்லிம் பெண்கள் ஜமாஅத். ஒரு பெண்ணின் தலாக் பற்றி ஜமாஅத்தில் ஆண்கள் கூடிப் பேசும்போது அந்தப் பெண்ணுக்கே அங்கே இடமில்லை என்பதுதான் அவர்களை ஒன்றுகூட வைத்தது. அவர்கள் கையில் எடுத்த கருவி மனு. ஒவ்வொரு பெண்ணின் வழக்கையும் எழுதி, எதிர்த்தரப்பைக் கூப்பிட்டு விசாரித்து, தேதியோடு கோப்பில் வைத்தார்கள். கோப்புகள் சேரச் சேர, தனிக் குடும்பத்தின் சண்டை என்று சொல்லப்பட்டவை ஒரே அச்சில் வார்த்ததுபோல் இருப்பது தெரிந்தது. ஆராய்ச்சி என்ற பெயர் இல்லாமலேயே நடந்த ஆராய்ச்சி அது. பாரதிய முஸ்லிம் மகிளா ஆந்தோலன் பத்து மாநிலங்களில் 4,710 முஸ்லிம் பெண்களைச் சந்தித்து 2015-இல் வெளியிட்ட ஆய்வு அதைத் தேசிய அளவுக்குக் கொண்டுபோனது. வாய்மொழி ஒருதலைத் தலாக் வேண்டாம் என்று 92.1 சதவீதம் பேர் சொன்னதாக அது பதிவு செய்தது. அதுவரை முஸ்லிம் பெண்கள் என்ன விரும்புகிறார்கள் என்பதை மற்ற எல்லாரும் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

இலங்கைச் சான்று இன்னும் நெருக்கமானது. 1990 அக்டோபரில் விடுதலைப் புலிகள் வடமாகாணத்திலிருந்து ஏறத்தாழ 75,000 முஸ்லிம்களை வெளியேற்றினார்கள். யாழ்ப்பாண நகர முஸ்லிம்களுக்குக் கொடுத்த அவகாசம் இரண்டு மணி நேரம். பெரும்பாலோர் புத்தளத்தில் ஒதுங்கினார்கள். அந்த வெளியேற்றத்தை அரசு தனியே விசாரிக்காத நிலையில், 2009-இல் கொழும்பிலுள்ள சட்ட, சமூக அறநிலையம் மக்கள் ஆணைக்குழு ஒன்றை அமைத்தது. வெளியேற்றப்பட்டவர்களின் வாக்குமூலங்களிலிருந்து எழுந்த அதன் அறிக்கை 2011-இல் வெளிவந்தது. அந்த மக்கள் தாங்களே பேசியபோது வெளியேற்றத்தின் கொடுமையோடு வேறொன்றும் வந்தது. புத்தளத்தில் அவர்களை ஏற்றுக்கொண்டவர்களும் முஸ்லிம்களே. ஆனாலும் நிலம், வேலை, பள்ளிக்கூட இடம், வாக்காளர் பதிவு என்று ஆண்டுக்கணக்கில் உரசல். மார்க்கம் ஒன்று என்பதால் வந்தவர், இருந்தவர் என்ற வேற்றுமை மறைந்துவிடுவதில்லை.

சிவகாசிக்கு இந்தப் பாடம் அப்படியே பொருந்தும். இங்குள்ள பள்ளிவாசல்களில் வெள்ளிக்கிழமை பயான் என்னும் சொற்பொழிவு தமிழில் நடக்கும். அரபு குத்பா தொடங்கும்வரை வங்காளத்துக்காரருக்கு அதில் ஒரு சொல்லும் விளங்காது. ஜமாஅத்தின் சந்தாப் புத்தகத்திலும் நிக்காஹ் பதிவேடான தஃப்தரிலும் பரம்பரை உள்ளூர்க்காரர்கள் இருப்பார்கள். வந்தவர்கள் இருக்க மாட்டார்கள். ஆகவே ‘முஸ்லிம் சமூகமே ஆராயட்டும்’ என்று சொல்லிவிட்டு உள்ளூர் ஜமாஅத் நிர்வாகிகளிடம் நோட்டைக் கொடுத்தால், வெளியாள் ஆய்வின் இன்னொரு வடிவம்தான் கிடைக்கும். இங்கே சமூகம் என்பது அறையில் தங்கியிருக்கும் அந்தப் பத்துப் பேர். ஜமாஅத் அவர்களுக்கு இடமும் ஆதரவும் தரலாம். கேள்விகளைத் தர வேண்டாம்.

ஏதுமற்று வந்தவர்கள் இதையெல்லாம் செய்ய முடியுமா என்றால், முடியும் என்பதற்கு விருதுநகர் மாவட்டத்தையே காட்டலாம். குல்லூர்சந்தை, ஆனைக்குட்டம், செவலூர் என்று இந்த மாவட்டத்திலும் இலங்கைத் தமிழர் முகாம்கள் உண்டு. 1984-இல் எஸ்.சி. சந்திரகாசன் முன்னின்று தொடங்கிய ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகத்தின் பலம், அதில் வேலை செய்தவர்களும் அகதிகளே என்பது. முகாம்களில் பிறந்த பிள்ளைகளுக்குப் பிறப்புச் சான்றும் இலங்கைக் குடியுரிமைப் பதிவும் பெற்றுத்தரும் பணியில் அவர்கள் ஆண்டுக்கணக்கில் உழைத்தார்கள். வீடு வீடாகத் தெரிந்தவர்கள் எடுத்த கணக்கு இல்லாமல் அந்தப் பணி நடந்திருக்காது.

எதிர்வாதங்கள்

முதல் ஆட்சேபம் ஆய்வாளர்களிடமிருந்து வரும். தன் கதையைத் தானே சொல்பவர் கூட்டிச் சொல்வார், குறைத்தும் சொல்வார். முறையான மாதிரி இருக்காது. சொந்தச் சமூகத்தின் குற்றங்களை மறைப்பார். நியாயமான சந்தேகம்தான். மகிளா ஆந்தோலன் ஆய்வு தங்கள் இயக்கத்துக்குத் தெரிந்த பெண்களிடமே கேட்டது என்ற குறை அன்றே எழுந்தது. ஆனால் வெளியாள் ஆய்வு இந்தக் குறைகளிலிருந்து தப்பியதா? கேரளத்தில் குலாத்தி நிறுவனம் 2013-இல் தொலைதூர ரயில்களில் வருகிறவர்களைக் கணக்கிட்டு, மாநிலத்தில் 25 லட்சம் வெளிமாநிலத் தொழிலாளர்கள் என்று மதிப்பிட்டது. எத்தனை பேர் என்பதற்கு அதைவிட நல்ல வழி கிடைப்பது கடினம். எப்படி வாழ்கிறார்கள் என்று அது சொல்லாது. 2020 ஊரடங்கில் ஸ்வான் என்ற தன்னார்வலர் குழு, உதவி கேட்டு அழைத்த குழுக்களைச் சேர்ந்த 11,159 தொழிலாளர்களின் நிலையைத் தொலைபேசியில் கேட்டறிந்து, 96 சதவீதம் பேருக்கு அரசு ரேஷன் கிடைக்கவில்லை என்று ஏப்ரல் நடுவிலேயே அறிக்கை வெளியிட்டது. உதவி கேட்டவர்களின் கணக்கு என்பதால் அதை எல்லாருக்கும் பொருத்த முடியாது. அவர்களும் அப்படிச் சொல்லவில்லை. ஆனால் அதே ஆண்டு செப்டம்பரில், ஊர் திரும்பும் வழியில் எத்தனை பேர் இறந்தார்கள் என்று நாடாளுமன்றத்தில் கேட்டபோது அப்படியொரு விவரம் பராமரிக்கப்படவில்லை என்றது மத்திய அரசு. குறையுள்ள கணக்கைத் திருத்தலாம், வேறு கணக்கோடு ஒத்துப் பார்க்கலாம். இல்லாத கணக்கை என்ன செய்வது?

இரண்டாவது ஆட்சேபம் தொழிற்சங்கப் பக்கத்திலிருந்து. தொழிலாளியை மதத்தால் ஏன் பிரிக்க வேண்டும்? பட்டாசு வெடிக்கும்போது மதம் பார்ப்பதில்லையே என்பார்கள். கூலி, பாதுகாப்பு, உள்குத்தகை ஆகியவற்றில் இந்த வாதம் முழுக்கச் சரி. அங்கே உள்ளூர்ப் பெண்ணும் ஒடிசாக்காரரும் வங்க முஸ்லிமும் ஒரே கோரிக்கையோடு நிற்க வேண்டும். ஆனால் ஆலைக் கதவைத் தாண்டி வெளியே வந்ததும் எல்லாருக்கும் ஒரே தெரு இல்லை. 2025-இல் ஒடிசாவிலும் அரியானாவிலும் வங்க மொழி பேசிய முஸ்லிம் தொழிலாளர்கள் வங்கதேசத்தவரோ என்ற சந்தேகத்தில் பிடித்துவைக்கப்பட்டார்கள். அவர்களோடு வேலை செய்த மற்ற வடமாநிலத்தவர்களில் பெரும்பாலோருக்கு அந்தப் பயம் இல்லை. ஒருவருக்குப் பெயரால் வருகிற தொல்லையைப் பெயரைக் கேட்காமல் அறிய முடியாது. பொதுவான சிக்கல் எது, தனிச் சிக்கல் எது என்று பிரித்துக் காட்டும் ஆய்வு, சங்கத்துக்குத் தன் கோரிக்கைப் பட்டியலைச் செம்மைப்படுத்த உதவும்.

மூன்றாவது ஆட்சேபமே எல்லாவற்றிலும் கனமானது. பட்டியல் ஆபத்தானது. இன்னார், இந்த அறை, இந்த மதம், இந்த மாவட்டம் என்று எழுதிவைத்த நோட்டு நாளை யார் கைக்குப் போகும்? தமிழர்கள் இந்தக் கேள்வியை அலட்சியப்படுத்த முடியாது. இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குப் போன நம்மவர்களைப் பற்றிய கணக்கெல்லாம் கங்காணியின் பேரேட்டிலும் துரையின் அலுவலகத்திலும் இருந்தது. 1948-இல் குடியுரிமைச் சட்டம் வந்தபோது, தாங்கள் அங்கேயே பிறந்தவர்கள் என்று காட்டத் தாள் இல்லாமல் லட்சக்கணக்கானோர் நாடற்றவர் ஆனார்கள். 1964 ஒப்பந்தத்துக்குப் பின் கப்பலேறி வந்தவர்களின் பிள்ளைகள் தமிழ்நாடு எங்கும் இருக்கிறார்கள். கணக்கு இருந்ததா இல்லையா என்பதைவிட, அது யார் கையில் இருந்தது என்பதே அவர்கள் விதியைத் தீர்மானித்தது. ஆகவே ஆபத்துக்கு விடை, ஆய்வே வேண்டாம் என்பதாக இருக்க முடியாது. பெயரும் முகவரியும் இல்லாமல் விவரங்களை மட்டும் எழுதுவது, மூல நோட்டைத் தாங்களே வைத்துக்கொள்வது, தொகுத்த எண்களை மட்டும் வெளியே தருவது, பெயரோடு பதிய வேண்டிய ஆவணத்தை அவரவர் கையிலேயே கொடுப்பது ஆகிய நான்கு கட்டுப்பாடுகளும் தொடக்கத்திலேயே வேண்டும். வெளியாள் செய்யும் ஆய்வில் இந்த உறுதியைத் தர முடியாது. காவல் துறையோ தொழிலாளர் துறையோ எடுக்கும் பதிவில் தரவே முடியாது.

கணக்கு இல்லாமையும் பாதுகாப்பு இல்லை என்பதற்கு 2023 மார்ச் மாதத்தை நினைத்தால் போதும். தமிழ்நாட்டில் பீகார் தொழிலாளர்கள் தாக்கப்படுகிறார்கள் என்று பொய்க் காணொளிகள் பரவின. பீகார் சட்டமன்றத்தில் அமளி நடந்தது. அங்கிருந்து அதிகாரிகள் குழு வந்தது. ஹோலிக்கு ஊருக்குக் கிளம்பியவர்களின் ரயில் கூட்டமே தாக்குதலுக்கு அத்தாட்சியாகக் காட்டப்பட்டது. தமிழகக் காவல் துறை மறுத்தது. ஆனால் அரசின் மறுப்பை அயலூரில் யார் நம்புவார்? ‘நாங்கள் இங்கே இருக்கிறோம், எங்கள் நிலை இது’ என்று நம்பத்தக்க விவரத்தோடு சொல்லும் அமைப்பு அந்தத் தொழிலாளர்களிடமே இருந்திருந்தால் வதந்தி அவ்வளவு தூரம் ஓடியிருக்காது.

நான்காவது, வீட்டு விஷயத்தை வீதிக்குக் கொண்டுவந்தால் எதிரிக்கு ஆயுதமாகும் என்ற கவலை. இதற்கும் அடிப்படை உண்டு. பெண்கள் எழுப்பிய முத்தலாக் கேள்வி 2017 ஆகஸ்ட் 22 உச்ச நீதிமன்றத் தீர்ப்பில் வெற்றி பெற்றது. 2019-இல் அது கணவனைச் சிறைக்கு அனுப்பும் சட்டமாக உருமாறியபோது, அந்தக் கேள்வியை எழுப்பியவர்களுக்குள்ளேயே கருத்து வேறுபாடு வந்தது. முஸ்லிம்கள் மேல் அக்கறையே இல்லாதவர்களும் அந்த 92 சதவீதத்தை மேடைக்கு மேடை மேற்கோள் காட்டினார்கள். இதிலிருந்து கற்க வேண்டியது, எண்ணோடு கோரிக்கையையும் சேர்த்தே வெளியிட வேண்டும் என்பது. சிக்கல் இது என்பதோடு நிறுத்தினால் தீர்வை வேறொருவர் எழுதிவிடுவார். மறைத்து வைப்பதோ பலன் தராது. ஊரிலிருக்கும் மனைவிக்குப் பணம் போகாத குடும்பம், இங்கே கடனில் மூழ்கிப் போதைக்குப் போன இளைஞர் என்று உள்ளே உள்ள புண்களைச் சமூகமே முதலில் எழுதினால்தான், வெளியே உள்ள அநியாயங்களை அது எழுதும்போது நம்பிக்கை பிறக்கும்.

செய்வது எப்படி?

சிவகாசியில் இதைத் தொடங்கப் பெரிய நிதி தேவையில்லை. வங்காளமும் இந்தியும் உருதுவும் எழுதத் தெரிந்த தொழிலாளர்கள் ஒரு கைப்பிடி அளவு போதும். ஆள் பிடிக்கும் புரோக்கர்களும் ஃபோர்மேன்களும் அந்தக் குழுவில் இருக்கக் கூடாது. தாங்கள் பதில் சொல்ல வேண்டிய கேள்விகளை அவர்கள் கேட்க மாட்டார்கள். குடும்பத்தோடு வந்த பெண்கள் இருந்தால் அவர்களிடம் பெண்களே பேச வேண்டும். புதுக்கோட்டையில் ஆண்கள் அவைக்கு எட்டாதது பெண்கள் அவைக்கு எட்டியது. ஜும்ஆ முடிந்த நேரமும் ஞாயிறு விடுமுறையும் பேச்சுக்கு வாய்ப்பான பொழுதுகள். அய்ய நாடார் ஜானகி அம்மாள் கல்லூரி போன்ற உள்ளூர்க் கல்லூரி மாணவர்கள் அட்டவணை போடவும் தமிழில் எழுதவும் கைகொடுக்கலாம். தொழிற்சங்கம் தன் கேள்விகளைச் சேர்க்கலாம். நூறு நாள் வேலைத் திட்டத்தின் சமூகத் தணிக்கையில் வேலை அட்டை விவரங்களைக் கிராம சபையில் வாசித்துக் காட்டுவது இந்தக் கிராமங்களுக்குப் பழகிய முறை. அதைப் போல, அறிக்கை அச்சாகும் முன் பதில் சொன்னவர்களின் முன்னால் அவர்கள் மொழியில் அதை வாசித்துக் காட்ட வேண்டும். அவர்கள் திருத்திய பிறகுதான் அது ஆட்சியர் அலுவலகத்துக்கும், தொழிலகப் பாதுகாப்புத் துறைக்கும், பட்டாசு உற்பத்தியாளர் சங்கத்துக்கும், ஜமாஅத்துக்கும் போக வேண்டும்.

இதனால் அரசு தன் கடமையிலிருந்து கழன்றுகொள்ளுமே என்று கேட்கலாம். நடப்பது நேர்மாறாக இருக்கும். ஐந்து பேரோ அதற்கு மேலோ வெளிமாநிலத் தொழிலாளரை வைத்திருந்தால் பதிவு செய்ய வேண்டும் என்ற சட்டம் 1979-இலேயே வந்தது. கேட்பார் இல்லாததால் அது ஏட்டில் கிடந்தது. கையில் கணக்கோடு வந்து கேட்கிறவரிடம் எந்த அதிகாரியும் ‘எங்களிடம் விவரம் இல்லை’ என்று சொல்லித் தப்ப முடியாது. ஆலை முதலாளிகளுக்கும் இதில் இழப்பு இல்லை. 2018 அக்டோபரில் பேரியத்துக்கும் சரவெடிக்கும் உச்ச நீதிமன்றம் தடை விதித்தது முதல் இந்தத் தொழில் வெளியாரின் சந்தேகப் பார்வையின் கீழ்தான் நடக்கிறது. இன்னொரு 45,000 எங்கிருந்தோ வந்து விழுவதற்குள், தன் தொழிலாளர்களே எழுதிய கணக்கு ஊரில் இருப்பது முதலாளிகளுக்குத்தான் பெரிய பாதுகாப்பு.

முதல் ஆய்வு எல்லாவற்றையும் அளக்க வேண்டியதில்லை. எத்தனை பேர் வருகைப் பதிவேட்டில் இருக்கிறார்கள், அவர்கள் பெயர் ஆதாரில் உள்ளபடி எழுதப்பட்டிருக்கிறதா, விபத்து நேர்ந்தால் யாருக்குத் தகவல் போக வேண்டும் என்று ஆலையில் எழுதி வாங்கியிருக்கிறார்களா என்ற மூன்று கேள்விகளோடு தொடங்கினால் போதும். மூன்றுக்கும் ஒரே ஞாயிற்றுக்கிழமையில் விடை எடுத்துவிடலாம். அந்த விடையோடு தொழிலகப் பாதுகாப்புத் துறையின் வாசலில் போய் நிற்பவர் மால்டாக்காரராகவே இருக்கட்டும். பக்கத்தில் சாத்தூர்ப் பெண் ஒருவரும் நிற்கட்டும். பதிவேட்டில் பெயர் இல்லாததன் விலை இருவருக்கும் தெரியும்.